சோழகம் அடிக்கும் மாதங்களில் ஆமைக்கு எங்கே ஈரம் வைப்பது?

மூன்று வருடங்களுக்கு முன், ஓர் ஓகஸ்ட் மத்தியானம், எங்கள் வளவில் திரியும் ஆமையைக் காணவில்லை. வேலியோரம், மாமரத்தடி, கோழிக்கூட்டுக்குப் பின்பக்கம் என்று அது வழமையாகப் படுக்கும் இடமெல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் கிணற்றடியில், உடுப்புத் தோய்க்கும் கல்லுக்கும் கட்டுக்கும் இடையிலிருந்த சந்துக்குள் தலையை நுழைத்துக்கொண்டு கிடந்தது. கல்லிலிருந்து வடிந்த சவர்க்காரத் தண்ணீர் அதன் ஓட்டின் பின்பாதியை நனைத்துக்கொண்டிருந்தது. முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டான் பக்கம் அந்த நேரத்தில் சோழகம் என்கிற தென்மேற்குக் காற்று எப்படி அடிக்கும் என்று தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வளவு முழுக்கப் புழுதி. அதற்குக் கிடைத்த ஈரம் அந்தக் கல்லடி மட்டும்தான்.

"ஆமை புகுந்த வீடு எண்டு சும்மாவே சொன்னவை? இப்ப கிணத்தடிக்கும் வந்திட்டுது" என்றார் மாமி. மாமி அப்படித்தான் சொல்லுவார். கொய்யாப்பழம் பழுத்து விழுந்தால் அதற்கென்று ஒதுக்கிப் போடுவதும் அவர்தான்.

சவர்க்காரத் தண்ணீரில் ஒரு விலங்கு நாள் முழுக்கக் கிடப்பது நல்லதல்ல. கல்லடியை அடைத்துவிடலாம், அது பெரிய வேலையில்லை. அடைத்தால் அது எங்கே போகும் என்பதுதான் கேள்வி. அதன் பிறகு வந்த கோடைகளில் நாலைந்து வழிகளைச் செய்து பார்த்தேன். சில வீண் செலவு. ஒன்று நான் எதிர்பாராதபடி நன்றாக வேலை செய்தது.

வழிகளுக்குப் போக முன் ஒரு விஷயம். எங்கள் வளவுக்கு வருவது நட்சத்திர ஆமை, வன்னிக் காட்டுக்குச் சொந்தமான உயிர். இலங்கையின் உலர் வலயத்திலும், தென்கிழக்கு இந்தியாவிலும், வடமேற்கு இந்தியாவிலும் அதையொட்டிய பாகிஸ்தான் பகுதியிலும் இயற்கையாக வாழும் இனம். இலங்கையில் 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இதைப் பாதுகாக்கிறது. பிடிப்பதும் அடைத்து வைப்பதும் விற்பதும் குற்றம். 2019இல், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் முதலாம் பின்னிணைப்பிலும் சேர்த்துவிட்டார்கள். காட்டில் பிடித்ததை நாடு விட்டு நாடு விற்க இனி வழியே இல்லை. ஆகவே எங்கள் ஆமையை நாங்கள் வளர்க்கிறோம் என்று சொல்ல மாட்டேன். அலம்பல் வேலி, அடியில் ஒரு சாண் இடைவெளி. அது தன்பாட்டில் வரும், தன்பாட்டில் போகும். மாரியில் ஒரு மாதம் கூடக் காணாமல் போவதுண்டு. யாராவது கூட்டுக்குள் அடைத்து வைத்திருந்தால், ஈரத்துக்கு வழி தேடுவதற்கு முதல் வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அழைத்துப் பேசுவதுதான் சரி.

காட்டு விலங்குதானே, அதற்கு ஏன் நாங்கள் ஈரம் வைக்க வேண்டும் என்று கேட்கலாம். நானும் கேட்டேன். காட்டில் அதற்குப் புற்றடி இருக்கிறது, பாலை மரத்து வேர்ச் சந்து இருக்கிறது, பற்றைக்குள் பல வருடத்துச் சருகு இருக்கிறது. நாங்கள் பற்றையை வெட்டி, கூட்டி, கொளுத்தி, வெறும் மண்ணாக்கி வைத்த வளவில் அவை ஒன்றும் இல்லை. ஆமையின் உடம்பு தண்ணீரை மிச்சம் பிடிக்கத் தெரிந்த உடம்புதான். கழிவைப் பெரும்பாலும் யூரிக் அமிலமாக, வெள்ளைச் சுண்ணாம்புக் குழம்பு மாதிரி வெளியேற்றும். ஆனால் நாள்கணக்கில் தண்ணீர் போதாவிட்டால் அந்தக் குழம்பே சிறுநீர்ப்பையில் கல்லாக இறுகிவிடும். குட்டிகளுக்கு இன்னொரு தொல்லை உண்டு. உலர்ந்த இடத்தில் அடைத்து வளர்க்கும் குட்டிகளின் ஓடு கட்டம் கட்டமாகக் கூம்பி எழும்பும். முந்தி இதற்குப் புரதம் கூடிய தீனிதான் காரணம் என்று சொல்லி வந்தார்கள். ஆபிரிக்க ஆமைக் குட்டிகளை வைத்துச் செய்து 2003இல் வெளியான ஓர் ஆய்வில், புரதத்தை விடக் காற்றின் ஈரப்பதனுக்குத்தான் இதில் பெரிய பங்கு என்று கண்டார்கள்.

சரி, காற்றை ஈரமாக்கிவிடலாமா? முதலில் நானும் அப்படித்தான் நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் சாரீரப்பதன் (காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை வீதம் அதில் இருக்கிறது) என்று படித்தது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. சூடான காற்று அதிக நீராவியைத் தாங்கும். விடியற்காலை 25 பாகையில் நூறு வீதம் ஈரமாக இருக்கும் காற்றே, ஒரு சொட்டு நீராவியும் குறையாமல் மத்தியானம் 35 பாகைக்குச் சூடேறினால், கணக்கு 56 வீதத்துக்கு இறங்கிவிடும். அதற்கு மேல் சோழகம் வேறு வந்து, இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போகும். திறந்த வளவில் காற்றோடு மல்லுக்கு நிற்பது கைச்சிரட்டையால் முத்தையன்கட்டுக் குளத்தை நிரப்புகிற வேலை.

அந்த வேலையைத்தான் முதல் வருடம் செய்தேன். தோட்டக்காரர் நாற்றுமேடைக்குப் பிடிக்கும் பனித்தூவல் முனைகள் ஆறு வாங்கி, கறுப்புக் குழாயில் பொருத்தி, மாமரத்தடியில் கட்டினேன். பார்க்க வடிவுதான், பிள்ளைகளுக்கும் நல்ல விளையாட்டு. தூவிய பனியில் பாதி நிலத்தில் விழ முன்னமே காற்றோடு வேலிக்கு அப்பால் போய்விடும். மோட்டரை நிறுத்திக் கொஞ்ச நேரத்திலேயே இடம் பழையபடி காய்ந்துவிடும். எங்கள் குழாய்க் கிணற்றுத் தண்ணீர் கேத்தலில் வெள்ளையாய்க் கல்லுப் பிடிக்கிற தண்ணீர். மூன்றாம் கிழமையே முனைகள் ஒவ்வொன்றாய் அடைத்தன. வினாகிரியில் ஊறப்போட்டு ஊசியால் குத்தி எடுக்கலாம், எடுத்தேன், பிறகும் அடைத்தன. கிணற்றில் நீர் கீழே போகும் ஓகஸ்ட், செப்டெம்பரில் ஆமைக்காக மோட்டர் போட மனமும் வரவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆமை அந்தப் பனிக்குள் வந்து நின்றதை நான் ஒரு நாளும் காணவில்லை. அது தொடர்ந்து கல்லடிக்கே போனது.

அடுத்தது சாக்கு. நாலு தடி நட்டு, மேலே கிடுகு போட்டு, சோழகம் வரும் தென்மேற்குப் பக்கம் நனைத்த சணல் சாக்கைத் தொங்கவிடுவது. காசு செலவில்லாத வழி, தத்துவமும் பிழையில்லை: காற்று ஈரச்சாக்குக்குள்ளால் வரும்போது குளிரும், ஈரமும் பிடிக்கும். பழைய ஆட்கள் தண்ணீர்ப் பானையைச் சுற்றி ஈரத்துணி கட்டியதும் இதைத்தான். சிக்கல் என்னவென்றால் சாக்கு நல்ல காற்றில் ஒரு மணித்தியாலம் தாக்குப்பிடிக்காது. வீட்டில் பகல் முழுக்க ஆள் இருந்து, போகிற வருகிற நேரமெல்லாம் ஒரு வாளி ஊற்ற முடிந்தால் இது நல்ல வழி. நான் காலையில் வேலைக்குப் போனால் ஐந்து மணிக்குத்தான் வருகிறவன். மாமிக்கு முழங்கால் வருத்தம். உரப்பை போடலாமா என்று கேட்ட அயலவருக்கு: அந்தப் பிளாஸ்ரிக் நார் தண்ணீர் குடிக்காது, சணல்தான் வேண்டும்.

தண்ணீர்ச் சட்டி வைப்பதை ஈரத்துக்கான வழி என்று நான் சேர்ப்பதில்லை. அது எப்படியும் வைக்க வேண்டியது. ஆமை நாய் மாதிரி நக்கிக் குடிக்காது. தலையை நீருக்குள் தாழ்த்தி, இழுத்துக் குடிக்கும். ஆகவே அகலமான, ஆழம் குறைந்த மண்சட்டியை விளிம்பு நிலத்தோடு நிலமாக இருக்கும்படி புதைக்க வேண்டும். ஆமை உள்ளே நின்றால் தண்ணீர் நாடிக்கு மேலே வரக்கூடாது. ஆழமான பாத்திரத்தில் புரண்டுவிட்டால் எழும்பத் தெரியாமல் செத்துப்போகும். தண்ணீரை நாளுக்கு நாள் மாற்றிவிடுங்கள், டெங்கு நுளம்புக்கு நாங்களே தொட்டில் கட்டிக் கொடுக்கக் கூடாது. சட்டியிலிருந்து ஆவியாகும் நீரால் பக்கத்துக் காற்று ஈரமாகும் என்று சொல்வார்கள். மூடிய அறைக்குள் ஆகலாம், வளவில் ஆகாது.

எனக்குச் சரிவந்தது பொந்து. ஆமை கல்லடியில் தேடியதும் அதைத்தான். அதற்கு நனைய வேண்டிய தேவை இருக்கவில்லை. காற்று நுழையாத, இருட்டான, மண் ஈரமான ஒரு சந்துதான் தேவைப்பட்டது. ஒழுங்கை திருத்தியபோது மிஞ்சிய உடைந்த சீமெந்துக் குழாய்த் துண்டு ஒன்று கிடந்தது, விட்டம் ஒன்றரை அடி, நீளம் இரண்டரை அடி இருக்கும். மாமரத்தின் கிழக்குப் பக்க நிழலில் அதைப் பாதி மண்ணுக்குள் தாழ்த்தி, ஒரு வாயைக் கல்லாலும் மண்ணாலும் அடைத்தேன். திறந்த வாய் வடகிழக்கைப் பார்க்கிறது. சோழகம் முதுகில் அடித்துவிட்டுப் போகும், உள்ளே வராது. குழாயின் மேல் ஒரு சாண் மண், அதற்கு மேல் கிடுகு. தகரப் பீப்பாவைப் பாதியாக வெட்டிப் போடலாமே என்று யோசிக்காதீர்கள். தகரம் வெயிலுக்கு அடுப்பு.

உள்ளே போட்டது தேங்காய்த் தும்புத் தூளும் மாமரத்தடியில் மக்கிய சருகு மண்ணும், பாதிக்குப் பாதி. தும்புத் தூள் தன் எடையைப் போல ஏழெட்டு மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்து மெல்ல மெல்ல விடும். மணலால் அது முடியாது. புதுத் தூளில் உப்பு இருக்கும், சாக்கில் கட்டி இரண்டு மூன்று தரம் தண்ணீரில் அலசிவிட்டுப் போடுங்கள். ஈரத்தின் அளவுக்குக் கைதான் மானி: ஒரு பிடி எடுத்து நெரித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது. சொட்டினால் அது சேறு. சேற்றிலேயே கிடக்கும் ஆமைக்கு அடிப்பக்க ஓடு அழுகத் தொடங்கும், பூஞ்சணம் பிடிக்கும். குழாயின் வாய்ப்பக்கம் ஓர் அடிக்கு உலர்ந்த மண்ணாகவே விட்டிருக்கிறேன். எங்கே கிடப்பது என்று அது பார்த்துக்கொள்ளட்டும்.

இதிலும் முதலில் ஒரு குறை இருந்தது. தினமும் பின்னேரம் பூவாளியால் ஊற்ற வேண்டும், ஊற்றும்போது மேல்தூள் மட்டும் நனையும், அடி காயும். ஒரு நாள் மறந்தால் மறுநாள் தூசு. அதற்கு வழி, மாங்கன்று நடும்போது எங்கள் அப்பு செய்தது: மண்முட்டியைக் கன்றுக்குப் பக்கத்தில் கழுத்துவரை புதைத்து, தண்ணீர் நிரப்பி, சிரட்டையால் மூடி விடுவார். சுட்ட மண்ணின் நுண்துளைகளால் நீர் கசியும், பக்கத்து மண் காயக் காய இழுத்துக்கொள்ளும், ஈரமாக இருந்தால் கசிவு தானாகக் குறையும். குழாயின் அடைத்த முனைக்குப் பின்னால், மண்ணுக்குள், ஐந்து லீற்றர் முட்டி ஒன்றைப் புதைத்தேன். ஓகஸ்ட் வெயிலிலும் இரண்டு நாளைக்கு ஒருக்கால் நிரப்பினால் போதும். வாங்கும்போது மினுக்கம் பூசாத முட்டியாகப் பாருங்கள், பூசியது கசியாது. எங்கள் கல்லுத் தண்ணீரில் துளைகள் ஒரு கோடைக்குப் பிறகு மெல்ல அடைக்கத்தான் செய்யும். புது முட்டி ஆறு பனித்தூவல் முனையை விட மலிவு.

குழாயும் முட்டியும் வைத்து, கல்லடிச் சந்தைச் சீமெந்தால் அடைத்த பிறகு, ஆமை இரண்டு நாள் கல்லடியைச் சுற்றிச் சுற்றி நடந்தது. பார்க்கப் பாவமாக இருந்தது. மூன்றாம் நாள் குழாய்க்குள் அதன் பின்புறம் தெரிந்தது. தூக்கிக்கொண்டு போய் உள்ளே விட்டிருக்கலாமே என்று பிள்ளைகள் கேட்டார்கள். காட்டாமையைக் கோடையில் தூக்கவே கூடாது. பயத்தில் மூத்திரம் பெய்துவிடும், அந்த மூத்திரம்தான் அதன் தண்ணீர்த் தாங்கி. சிறுநீர்ப்பையில் சேர்த்து வைத்த நீரைத்தான் தண்ணீர் இல்லாத நாட்களில் உடம்புக்குத் திருப்பி எடுக்கும்.

பொந்தும் கட்ட முடியாது, முட்டியும் வைக்க முடியாது என்றால்? சருகைக் கொளுத்தாமல் விடுங்கள். வளவின் ஒரு மூலையில், பற்றைக்கடியில், ஒரு முழ உயரத்துக்குச் சருகைக் குவித்து, வாழைக்குப் போகும் தண்ணீரில் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பிவிட்டால் போதும். நாங்கள் கோடையில் கூட்டிக் கொளுத்துவதை ஒரு துப்புரவாக நினைக்கிறோம். பகலில் சருகுக்குள் அசையாமல் கிடக்கும் ஆமைக்கு அந்த நெருப்பிலிருந்து ஓட வழியில்லை. எனக்கு இந்த வழி பொந்துக்கு அடுத்த இடத்தில் இருக்கிறது. வேலை குறைவு என்று பார்த்தால் முதலிடம்.

இரண்டு வழிக்கும் பொதுவான ஒரு கெடுதல் உண்டு. ஈரம் இருந்தால் தவளை வரும், தவளை வந்தால் பாம்பு வரும். வன்னியில் இது பேச்சுக்குச் சொல்வதல்ல. கண்ணாடி விரியன் சருகுக்குள் கிடந்தால் சருகாகவே தெரியும். ஆகவே ஈர மூலையை வாசலுக்கும் குசினிக்கும் பிள்ளைகள் ஓடும் பாதைக்கும் எட்டவே வையுங்கள். குழாய்க்குள் ஒரு போதும் கை விடாதீர்கள், ரோச் அடித்துப் பார்த்துவிட்டு நீளக் கம்பால் கிளறுங்கள். சருகுக் குவியலை இரவில் போய்த் தொடவே வேண்டாம்.

இவ்வளவையும் ஒருநாள் வட்ஸ்அப்பில் படம் பிடித்து அனுப்பியபோது, கனடாவில், ஸ்காபுரோவில் இருக்கும் அண்ணாவின் மகள் உடனே அழைத்தாள். "சித்தப்பா, எங்கட வீட்டிலயும் ஒண்டு இருக்கு. நானும் முட்டி புதைக்கட்டே?" அவளிடம் இருப்பது அங்கேயே முறைப்படி இனப்பெருக்கம் செய்து விற்ற தென்னமெரிக்கச் செங்கால் ஆமை. அவளுக்கு வறண்ட காலம் மாரி. வெளியே பனி, உள்ளே ஹீற்றர். குளிர்ந்த காற்றில் உள்ள கொஞ்ச நீராவியை வீட்டுக்குள் கொண்டுவந்து சூடாக்கினால், மேலே சொன்ன அதே கணக்குத்தான், உதடு வெடிக்கிற உலர்வு. ஆனால் அவளுடையது நாலு பக்கமும் மூடிய பெட்டி. அங்கே என்னுடைய வரிசை தலைகீழாகிவிடும். நான் தூக்கி எறிந்த பனித்தூவல் அங்கே நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் ஈரம் போக இடமில்லை. மேல்மூடியின் முக்கால்வாசியை அடைத்து, அடியில் நாலு விரல் ஆழத்துக்குத் தும்புத் தூள் போட்டு, மேலே தூவாமல் மூலைகளில் தண்ணீரை ஊற்றி அடித்தூளை நனைத்தாலே செங்கால் ஆமை கேட்கிற எழுபது எண்பது வீதம் வந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் நாடியளவு ஆழத்தில் கால் மணித்தியாலம் இருத்துவதும் அவளுக்குச் சரி. அது கையில் பழகிய ஆமை, பெய்தாலும் தண்ணீருக்குள் நின்றபடியே திரும்பக் குடிக்கும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னேன்: ஈரமும் குளிரும் சேரக் கூடாது. எங்கள் ஓகஸ்ட் இரவு வெக்கையில் ஈரம் சளி பிடிக்க வைக்காது. அவளுடைய ஜனவரியில் ஹீற்றர் நின்று பெட்டி குளிர்ந்தால் சுவாசப்பை நோய் வரும், ஆமைக்கு எங்களைப் போல இருமிச் சளியை வெளியேற்ற முடியாது.

அவள் பெட்டிக்குள் வைத்திருக்கும் ஈரமானியின் இலக்கத்தை நம்பலாமா என்று கேட்டாள். மலிவு மானிகள் பத்து, பதினைந்து வீதம் பிழையாகக் காட்டுவது சாதாரணம். சோதிக்கக் குசினியே போதும். போத்தல் மூடி ஒன்றில் கறியுப்பை நிரப்பி, சில துளி தண்ணீர் விட்டு ஈரப்பசையாக்கி (கரையக் கூடாது), மானியோடு சேர்த்துக் காற்றுப்புகாத டப்பாவில் ஓர் இரவு மூடி வையுங்கள். உள்ளே ஈரப்பதன் 75 வீதத்தில் வந்து நிற்கும். மானி 68 காட்டினால் ஏழைக் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். நான் என்னுடையதை இப்படிப் பார்த்துவிட்டுத்தான் குழாய்க்குள் வைத்தேன். வெளியே கிடுகில் கட்டித் தொங்கவிட்டால் அது சோழகத்தைத்தான் அளக்கும், ஆமை கிடக்கும் இடத்தை அளக்காது.

தீனியாலும் கொஞ்ச ஈரம் போகும். பசளி, செவ்வரத்தம்பூ, அறுகம்புல், விழுந்த கொய்யா. கொய்யா அளவோடு, பழம் கூடினால் வயிறு கழியும். இதை மாமியிடம் சொல்லி வென்றவர் எங்கள் வீட்டில் இன்னும் இல்லை.

ஒக்டோபரில் இடி முழங்கத் தொடங்கினால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். குழாய் பாதி மண்ணுக்குள் இருப்பதால் வெள்ளம் நேரே உள்ளே இறங்கும். முதல் மழைக்கு முன்னமே வாயிலிருந்து ஒரு வாய்க்கால் வெட்டி வேலிப்பக்கம் விட்டு, ஈரத் தூளை வாரி வாழைக்குப் போட்டுவிடுவேன். முட்டியைக் கிளப்பி, தேய்த்துக் கழுவி, கோடியில் கவிழ்த்து வைப்பேன். போன முறை முட்டியைக் கிளப்பும்போது ஆமை குழாய் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அன்றிரவு நல்ல மழை. விடிய எழும்பிப் பார்த்தபோது வேலிக்கடியில் சேற்றில் அதன் காலடி மட்டும் இருந்தது. "போட்டுதே?" என்று கேட்டுவிட்டு, கையிலிருந்த கொய்யாவை மாமி கோழிக்குப் போட்டார்.